பதினோரு மணிக்கு யமுனா சாப்பிட்டது

எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எங்கள் புனே நிக்டி காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வங்கியில் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்கள் மேல் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவேன். எங்காத்துக்காரர் லக்ஷ்மிநாராயணன் அதைத் திருப்பி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வார். ‘பசு மாதிரி மனுஷர்’ என்று அவரைச் சொல்வார்கள். ‘சரசா மாமி’ என்றால் மட்டும் என்னவோ பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பசு மனுஷருக்கு ரிடையர் ஆனதும் நிஜப் பசு வளர்க்க ஆசை வந்தது. ஆயுசெல்லாம் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டியவர், தளேகாவ் தாண்டி கொஞ்சம் நிலம் பார்த்து, கொட்டகை போட்டு, இருபது சொச்சம் மாடு வாங்கிக் கட்டிவிட்டார். “ஏன்னா, உங்களுக்குப் பால் காய்ச்சவே தெரியாது, கறக்கப் போறேளாக்கும்!” என்று கத்தினேன். கத்திவிட்டு அடுத்த நாளே அவர் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாடு என்றால் எனக்கும் உயிர். அதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

மாட்டுக்குப் பட்டை கட்டியது என் அக்கா பையன் ராம்கி. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று சென்னையிலிருந்து வந்தவன், வேலையை விட்டுவிட்டு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து மாட்டுக்குக் கணக்குப் போடும் கம்பெனி ஆரம்பித்தான். மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை. அது எப்போது தின்கிறது, எப்போது அசை போடுகிறது, எவ்வளவு நடக்கிறது என்று அந்தப் பட்டை சதா அனுப்பிக்கொண்டே இருக்கும். அதோடு பால் அளவு, தீனி அளவு, கன்று போட்ட தேதி எல்லாவற்றையும் சேர்த்து, இந்த மாடு நாளைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அவன் கம்ப்யூட்டர் ஊகம் செய்யும். அதற்குப் பெயர் மாடல். ஊகத்திலிருந்து மாடு விலகினால் எங்கள் போன் அடிக்கும்.

“சித்தி, மாடு வாயால சொல்லாததை இது சொல்லும்” என்றான்.

“மாடு சொல்லாததை நான் சொல்றேன், நீ முதல்ல ஒழுங்கா சாப்பிடு. எலும்பும் தோலுமா இருந்துண்டு மாட்டுக்கு மாடலாம், கீடலாம்” என்றேன்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. பால் நிறையக் கறக்கிற மாட்டுக்கும் கறக்காத மாட்டுக்கும் நாங்கள் ஒரே தீனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். மாடல் பிரித்துக் கொடுத்தபடி போட்டதும் தீனி மிச்சமாயிற்று, பாலும் ஏறிற்று. சினைக்கு வருகிற நேரத்தை நாங்கள் தவறவிட்ட மாடுகளை அது பிடித்துக் கொடுத்தது. “பரவாயில்லைடா” என்று ஒரு தடவை சொன்னேன். சித்தி வாயிலிருந்து பரவாயில்லை வந்துவிட்டது என்று அவன் சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான், கடன்காரன்.

அப்படி அது பிடித்துக் கொடுத்ததில் ஒன்று யமுனா. நாங்கள் வாங்கிய முதல் மாடு. இரண்டு தடவை சினை பிடித்து இரண்டு தடவையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு சினைக்கு வருவதே தெரியாது. சத்தம் போடாது, அலையாது. வந்த சுவடு தெரியாமல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மாடல்தான் அவள் நடையில் ஒரு சின்ன மாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தது. இந்தத் தடவை தங்கிவிட்டது. வயிறு இறங்கி, மடி கட்டி, இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் கன்று என்று இருந்தாள். “இது கடைசி, அம்மா. இதுவும் போச்சுன்னா அப்புறம் அதைப் போட்டு வதைக்க வேணாம்” என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கன்று வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் மாட்டுக்கு உருகுகிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். யமுனா கன்றை நக்கிக் கொடுப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் வசுபாரஸ் வந்தது. இங்கே தீபாவளி அன்றைக்குத்தான் தொடங்கும். பசுவுக்கும் கன்றுக்கும் பூஜை. எங்களிடம் பால் வாங்குகிற நிக்டி குடும்பங்கள் எல்லாம் வருஷா வருஷம் பண்ணைக்கு வருவார்கள். முறைப்படி சாயங்காலம் செய்ய வேண்டியது, கூட்டத்தை உத்தேசித்துக் காலையிலேயே வைத்துக்கொள்வோம். நான் கண்டிஷன் போட்டிருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு வெல்லத் துண்டு, அதுவும் முன்னால் கட்டியிருக்கிற மாடுகளுக்கு மட்டும். போளி, சப்பாத்தி, பட்சணம் எதுவும் மாட்டு வாய்க்குப் போகக் கூடாது. யமுனா பின்கொட்டகையில் தனியாக இருப்பாள், அந்தப் பக்கமே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

இவர் மட்டும் சர்க்கரைப் பொங்கல் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்தார்.

“இன்னிக்கு இங்கத்துப் பொம்மனாட்டிகள் பசும்பாலும் நெய்யும் தொடமாட்டா. விரதம். இத்தனை வருஷமா புனேல இருக்கேள், இதுகூடத் தெரியாதா?” என்றேன்.

“குழந்தைகள் சாப்பிடும், சரசா. கொஞ்சமா பண்றேன்.”

“கொஞ்சம்னா கொஞ்சம். ஊருக்கே அண்டா வெச்சு மிச்சம் பண்ணினேளோ, அப்புறம் என்னைக் கேக்காதேங்கோ!”

வந்தார்கள், குங்குமம் வைத்தார்கள், மாட்டைச் சுற்றி வந்தார்கள், செல்பி எடுத்தார்கள். ஒரு குழந்தை மாட்டு வாலைப் பிடித்து இழுத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பத்து மணிக்கெல்லாம் பண்ணை காலி. நான் வாசல் அறையில் படுத்து ஒரு தூக்கம் போட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறவைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது மாடு பார்த்துக்கொள்கிற ஆள் தத்து ஓடி வந்தான். “காக்கூ, யமுனா உடத் நாஹி!” என்றான். எழுந்திருக்கவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். படுத்திருந்தாள். கழுத்து மடங்கிப் பின்னால் சாய்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தாள். நான் கூப்பிட்டால் எப்போதும் காது அசையும். அன்றைக்கு அசையவில்லை. “ஐயோ, பகவானே” என்று கத்தினேன். இவர் எனக்குப் பின்னால் வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாட்டு டாக்டர் முகமது இஸ்மாயில் தளேகாவில் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். பண்டிகை நாளாயிற்றே என்று ஒரு வார்த்தை முனகாமல் பைக்கில் வந்துவிட்டார். காதைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

“காது ஜில்லுனு இருக்கும்மா. ஈத்து நேரம் வேற. கால்சியம் எறங்கியிருக்கும்னு தோணுது. நரம்புல ஏத்திப் பாப்போம்” என்று பாட்டிலை எடுத்தார்.

பூஜைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ராம்கி மடிக்கணினியோடு ஓடி வந்தான். “டாக்டர், ஒரே ஒரு நிமிஷம். கால்சியம் கொறைஞ்ச மாடுகளுக்கெல்லாம் ரெண்டு மூணு நாளாவே அசை போடறது கொஞ்சங் கொஞ்சமா கொறைஞ்சிண்டு வந்திருக்கு. இவளுக்கு அப்படி இல்லை. இன்னிக்குக் காத்தால வரைக்கும் ரொம்ப நன்னா இருக்கா. பதினோரு மணிக்கு மேல ஒரே எடத்துல நின்னு, தலையைக் குனிஞ்சு, ரொம்ப நேரம் என்னத்தையோ சாப்பிட்டிருக்கா. அந்த நேரத்துல மத்த மாடெல்லாம் படுத்து அசை போடறது. இவ மட்டும் சாப்பிடறா. அதுக்கப்புறம் அசை போடறது சுத்தமா நின்னு போச்சு.”

டாக்டர் பாட்டிலைக் கீழே வைத்தார். யமுனாவின் இடப்பக்க வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கையால் குத்திப் பார்த்தார். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

“இது வேற மாதிரி இருக்குது. சோறு, மாவு, வெல்லம்னு ஏதாச்சும் எக்கச்சக்கமா உள்ள போயிருந்தா வயிறு புளிச்சு, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறிடும். அப்படின்னா வைத்தியமே வேற. இந்த நெலைமைல கால்சியத்தை ஏத்துனா இதயம் தாங்காது. என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு? அதைச் சொல்லுங்க. இல்லாட்டி நான் இருட்டுல கல்லெறியணும்.”

“உன் மாடல் சொல்லாதாடா?” என்று ராம்கியைப் பிடித்தேன்.

“சாப்பிட்டான்னு சொல்லும் சித்தி. என்ன சாப்பிட்டான்னு அதுக்குத் தெரியாது.”

“அப்ப மத்தியானமே போன் ஏன் அடிக்கலை? ஊர்ல இல்லாத மாடல்! பிராணன் போற நேரத்துல வாயை மூடிண்டிருந்தா அது எதுக்கு?”

அவன் எச்சில் விழுங்கினான். “போன தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்துல எல்லா மாடும் அசை போடாம நின்னு, போன் அடிச்சிண்டே இருந்துதே. நீங்க கத்தினேள். ‘பண்டிகை நாள்ல இந்தச் சனியன் வாயைத் திறக்கப்படாது’ன்னேள். அதனால இந்தத் தடவை பண்டிகை முடியற வரைக்கும் அடிக்காதபடி வெச்சுட்டேன். மாடல் மத்தியானமே கண்டுபிடிச்சிருக்கு. சொல்லத்தான் விடலை.”

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். தத்துவின் பக்கம் திரும்பினேன். பின்கொட்டகைக்குத் தீனி வைப்பவன் அவன்தானே. நீதானே போட்டாய், வந்தவர்கள் கொடுத்த போளியையெல்லாம் வாங்கி இவளுக்குக் கொட்டினாயா, பத்துப் பைசா புத்தி இருக்கிறதா என்று மராத்தியும் ஹிந்தியுமாகக் கலந்து விளாசினேன். “மீ நாஹி தில, காக்கூ” என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் கொடுக்கவில்லை, நான் கொடுக்கவில்லை என்று அதையே சொன்னான். யார் கேட்டார்கள்? “பொய் வேற சொல்றியா? துணியை மூட்டை கட்டிண்டு இப்பவே கிளம்பு!” என்றேன். அது அவனுக்குத் தமிழிலேயே புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

“அவனை ஒண்ணும் சொல்லாதே, சரசா. நான்தான்.”

யார் பேசியது என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை.

“பொங்கல். அரை அண்டாவுக்கு மேல மிஞ்சிப் போச்சு” என்றார் இவர். கம்பத்தை விடவில்லை. டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார். “எல்லாரும் விரதம்னுட்டா. கண்ணுல ஒத்திண்டு வெச்சுட்டுப் போயிட்டா. பிரசாதத்தைக் குப்பையில கொட்ட மனசு வரலை. ஆத்துக்கும் எடுத்துண்டு போக முடியாது. பசு வாயில விழுந்தா அதைவிடப் புண்ணியம் என்ன இருக்குன்னு இவ தொட்டியில கொட்டினேன். நன்னா சாப்பிட்டா. நக்கி நக்கிச் சாப்பிட்டா. மொத்தமா போட்டது அரிசி ஆறு படி, டாக்டர். வெல்லம் அதுக்கு மேல.”

டாக்டர் பையைத் திறந்து வேறு மருந்துகளை எடுக்க ஆரம்பித்தார். ஆனால் எல்லாரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். ராம்கி, தத்து, டாக்டர்கூட. இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். அடி விழப்போகிற குழந்தை அப்படித்தான் மூடிக்கொள்ளும். அறுபத்தைந்து வயது மனுஷர். நான் இவரை ஒரு நாளும் அடித்ததில்லை, ஒரு சுடுசொல்லைத் தவிர எதையும் எறிந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய்வரை வந்தது அப்படியே நின்றுவிட்டது.

“வெந்நீர் வேணும்மா, நெறைய” என்றார் டாக்டர். ஓடினேன்.

அவள் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாளியில் புளித்த சோறு வந்தது. கூடவே ஏலக்காய் வாசனை, முழுசு முழுசாக முந்திரிப்பருப்பு. இவர் முந்திரிக்குக் கணக்கே பார்க்கமாட்டார். சோடா உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினார்கள். தத்து மூட்டை கட்டவில்லை. வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போய், “தப்பு என்னுதுடா, போகாதே” என்றேன். தமிழில்தான் வந்தது. தலையை ஆட்டினான். புரிந்ததோ இல்லையோ.

“மாடு பொழைச்சுக்கும். கன்னைப் பத்தி இப்ப நான் வாக்கு குடுக்க முடியாதும்மா. அஞ்சு மணிக்குப் பாத்த ஒடனே இதைச் சொல்லியிருந்தாக்கூட ஒரு மணி நேரம் மிச்சம்” என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார் டாக்டர். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தைத்தது.

அவர் போன பிறகு யமுனா பக்கத்தில் சாக்கைப் போட்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் மெதுவாகத்தான் கேட்டேன், சத்தியமாக மெதுவாகத்தான்.

“அஞ்சு மணிக்கே உங்களுக்குத் தெரியும். ஏன் வாயைத் திறக்கலை?”

யமுனாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “திறக்கணும்னுதான் நினைச்சேன். நீ கத்தறதைப் பாத்ததும் நாக்கு எழும்பலை. உன்கிட்ட சொல்றதுக்குள்ள அவளே எழுந்துண்டுடுவான்னு பகவானை வேண்டிண்டேன்.” அவள் காதைத் தொட்டுப் பார்த்தார். “பொங்கல் மிஞ்சினதையும் அதுக்குத்தான் மறைச்சேன். நீ திட்டுவே.”

போன் அடித்தால் கத்துகிறேன் என்று அதன் வாயை அடைத்தார்கள். இவர் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டுவிட்டார். இந்தப் பண்ணையில் நடப்பது எதுவும் என் காதுக்கு வரக் கூடாது என்று நானே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன், வேறு யாரைக் குறை சொல்ல? நான் அழுதேன். அவர் என் முதுகையும் தடவினார்.

மறுநாள் மத்தியானம் யமுனா எழுந்து நின்றாள். அதற்கு அடுத்த நாள் வைக்கோலை மோந்து பார்த்து இரண்டு வாய் தின்றாள். “சித்தி, அசை போட ஆரம்பிச்சுட்டா!” என்று ராம்கி போனை நீட்டினான். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இனிமேல் பண்டிகையானாலும் அடிக்கட்டும், நான் திட்டினாலும் அடிக்கட்டும் என்று சொன்னேன். “எழுதிக் குடுங்கோ” என்றான். அன்றைக்குத்தான் எல்லாரும் கொஞ்சம் சிரித்தோம். டாக்டர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். இவர் பண்ணையிலேயே தங்கிவிட்டார். மறுநாள் தீபாவளி, கங்கா ஸ்நானத்துக்காவது வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் நிக்டிக்கு வந்தேன்.

தீபாவளியன்று விடியற்காலையில் எழுந்து, எண்ணெய் காய்ச்சி, மனைப்பலகை போட்டு, கோலம் போட்டு முடித்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வெளியே பட்டாசு வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள். இவர் நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சட்டையெல்லாம் ரத்தமும் வைக்கோலும்.

“சரசா, கன்னு போயிடுத்து” என்றார். “செத்துத்தான் பொறந்தது. கிடேரி.”

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். “யமுனா?”

“நன்னா இருக்கா. அதை நக்கிண்டே இருக்கா. நாங்க எடுக்கலை. அவளா விடற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு தத்து சொன்னான்.”

நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை அவள் செய்துகொண்டிருக்கிறாள். எனக்குள் என்னவெல்லாமோ பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு படி அரிசி. அரை அண்டா. ஒரு மணி நேரம்.

“டாக்டர் போன் பண்றேன்னார். ராம்கியும் பண்றேன்னான். ரெண்டு பேரையும் வேண்டாம்னுட்டேன்” என்றார். “நான் பண்ணினது. நான்தான் வந்து உன் முகத்துக்கு நேரா சொல்லணும்னு பட்டுது. இப்போ திட்டு, சரசா. நான் இங்கேயேதான் நிக்கறேன்.”

தளேகாவிலிருந்து நிக்டி வரைக்கும், அந்தக் குளிரில், இதைச் சொல்வதற்காகவே இந்த மனுஷர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கிட்டே போய் அந்த ஹெல்மெட்டைக் கழற்றினேன். கையைப் பிடித்து அழைத்துவந்து மனையில் உட்காரவைத்தேன். தலையில் எண்ணெய் வைத்தேன். எண்ணெய் ஆறிப்போயிருந்தது. என் கண்ணீரும் அவர் தலையில்தான் விழுந்தது.

“வந்து சொன்னேளே” என்றேன்.